சிவப்பு வண்டிக்கு வடிகட்டிய காற்று

சித்தப்பா திருப்பாத ஒரு நட்டை அவர் திருப்பியதாக நான் சாட்சி சொன்னேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. பொய் என்று தெரிந்துதான் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்பாவும் சித்தப்பாவும் மட்டும். இருவரும் நம்பினார்கள். ஒன்பது வயதுப் பையன் பொய் சொல்வான் என்று தெரியாதவர்கள் அல்ல. ஆனால் அந்தக் காரின் விஷயத்தில் நான் பொய் சொல்லுவேன் என்று அவர்களால் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. சித்தப்பாவுக்கு அடுத்தபடியாக அந்தக் காரின் மேல் பைத்தியமாக இருந்தவன் நான்தான்.

அது இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம். இரண்டு பேர்தான் உட்காரலாம், மேல்கூரை கிடையாது. இன்று அப்படி ஒன்று கிடைத்தால் கிளாசிக் என்று பெயர் சூட்டி, சுற்றிலும் கயிறு கட்டிக் கண்காட்சியில் நிறுத்துவார்கள். சித்தப்பாவுக்குக் கிடைத்தபோது அது கன்டோன்மென்டில் ஒரு பங்களாவின் பின்பக்கம் கோழிக்கூடாக இருந்தது. ஊருக்குத் திரும்பிய துரை ஒருவர் விட்டுப் போனது. ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாகவும், குஞ்சு பொரித்து அது எழுந்து போன பிறகுதான் வண்டியை எடுக்க முடிந்ததாகவும் சித்தப்பா சொல்லுவார். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் எங்கள் வீட்டு வாசலுக்கு அது வந்து சேர்ந்த அன்று, மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகே அம்மா எங்களைத் தொட விட்டாள். சித்தப்பா கொல்லைப்புறமாகப் போய் தலையில் தண்ணீர் விட்டுக்கொண்ட பிறகுதான் அவருக்குச் சாப்பாடு.

வீதியில் எல்லோருக்கும் நல்ல பொழுதுபோக்கு. "பெரிய தேர் சித்திரை வீதியில ஓடறது. சின்னத் தேரை என்னிக்கு ஓய் வடம் பிடிக்கப்போறோம்?" என்று எதிர்வீட்டுக்காரர் தினமும் கேட்பார். கேட்பதில் நியாயம் இருந்தது. வண்டி ஓடியதைவிடத் தள்ளப்பட்டதே அதிகம். நன்றாகக் கிளம்பும், உறுமும், திருவானைக்காவல் வரை போகும். அங்கே போய் இருமி இருமி நின்றுவிடும். "நம்ம பெருமாளை விட்டுட்டு, தினம் சிவன் கோயில் வாசல்ல போய் சேவிச்சுண்டு நிக்கறதே, இது எந்த ஊர் வைஷ்ணவ வண்டி?" என்று அதற்கும் ஒரு கேலி.

சித்தப்பா அப்போது ஒரு கம்பெனியில் குமாஸ்தா. இருபத்தைந்து வயது இருக்கும். உட்கார்ந்து எழுதும் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. தென்னூரில் மோட்டார் பட்டறை வைத்திருந்த அவருடைய பள்ளித் தோழர் வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்து, "வந்துடுங்க ஐயங்காரே, ரெண்டு பேருமா சேர்ந்து நடத்தலாம். உங்க காதும் என் கையும் இருந்தா திருச்சியில ஒரு பய நிக்க முடியாது" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தாத்தா காலமான பின் வீட்டில் அப்பா வைத்ததுதான் சட்டம். அப்பா தாலுகா ஆபீஸில் இருந்தார். கோபப்பட்டுக் கத்துகிறவர் அல்ல. யோசித்து ஒரு வார்த்தை சொல்வார், சொன்ன வார்த்தையை மாற்றமாட்டார். கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கிரீஸ் கையோடு நிற்பதா என்று அவருக்கு வருத்தம். ஆனால் தம்பியின் முகத்தைப் பார்த்து ஒரேயடியாக மறுக்கவும் மனம் வரவில்லை. கடைசியில் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்.

"வர ஞாயித்துக்கிழமை என்னை இந்த வண்டியில ஏத்திண்டு சமயபுரம் போ. போயிட்டு எங்கேயும் நிக்காம, யாரும் தள்ளாம, நம்மாத்து வாசல்ல கொண்டுவந்து இறக்கு. மறுநாளே நீ தென்னூர் போகலாம். நடுவுல நின்னுடுத்துன்னா வண்டியை வித்துடணும். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கப்படாது."

"சரி அண்ணா" என்று சித்தப்பா உடனே ஒப்புக்கொண்டார். திருவானைக்காவலையே தாண்டாத வண்டி கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, டோல்கேட்டைத் தாண்டி, சமயபுரம் போய்த் திரும்புவதாவது. கை கழுவும்போது சித்தப்பா என் காதருகில் குனிந்து, "நோய் என்னன்னு கண்டுபிடிச்சுட்டேண்டா. இதுக்கு மூக்கடைப்பு" என்றார்.

அந்த வண்டியின் பானெட் இப்போதைய கார்களைப் போல் மேலே தூக்குவதல்ல. நடுவில் கீல் வைத்து இரண்டு பக்கமும் சிறகு போலத் திறக்கும். ஒரு சிறகைத் திறந்து சித்தப்பா எனக்குக் காட்டினார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர்கள் இரண்டு அடுத்தடுத்து இருந்தன. இரண்டுக்கும் சேர்த்து ஒரே தகர உருளையிலிருந்து காற்று வந்தது. அதுதான் ஏர் ஃபில்டர். உள்ளே எண்ணெய் தோய்ந்த இரும்பு நார். பல வருஷத்துத் தூசியும் கோழி இறகும் சேர்ந்து அது அடைபோலக் கெட்டிப்பட்டிருந்தது.

"சளி பிடிச்சா நீ எப்படி மாடிப்படி ஏறுவே? வாயைத் திறந்துண்டு, பாதியில நின்னு நின்னு. இதுவும் அப்படித்தான் ஓடிண்டிருக்கு. காத்து போறலை. காத்து போறலைன்னா பெட்ரோல் எரியாது. எரியாத பெட்ரோல் கரியா போய் பிளக்ல ஒட்டிக்கும். வண்டி நின்னுடும்."

அந்த உருளையைச் சுத்தம் செய்து பயனில்லை என்று அவர் முடிவு செய்திருந்தார். பம்பாயில் கப்பல் கம்பெனியில் இருந்த தென்னூர்த் தோழரின் மைத்துனர் மூலம் புதிய ஏர் ஃபில்டர் இரண்டு வந்தன. ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் தனித்தனியாக ஒன்று. பந்தயக் கார்களில் போடுவது என்றார். பளபளவென்று, ஒரு பெரிய தோசையின் அகலத்தில், வட்டமாகத் தட்டையாக இருந்தன. ஓரம் முழுவதும் சல்லடைக் கம்பி. மூடியைக் கையாலேயே கழற்றலாம். காது வைத்த நட்டு ஒன்றுதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த வாரம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேறு பேச்சே இல்லை. எங்கள் வண்டிக்குப் பம்பாயிலிருந்து இரண்டு மூக்கு வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சனிக்கிழமை முழுக்க வேலை நடந்தது. சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தவர் சாயங்காலம்தான் நிமிர்ந்தார். பழைய உருளை கழன்று தெருவில் விழுந்தபோது நான் கைதட்டினேன். காற்று அதிகமாக வந்தால் பெட்ரோலையும் அதற்கு ஏற்றபடி கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் சூடாகிவிடும் என்று சொல்லி, கார்புரேட்டரின் அடியில் இருந்த நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். திருப்புவதும், காதில் ஒரு ரப்பர் குழாயை வைத்து அதன் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயருகே காட்டிக் கேட்பதுமாக இருந்தார். காற்று உள்ளே போகும் இரைச்சல் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டுமாம்.

"ரெண்டும் ஒரே சுருதியில நிக்கணும். நீ கேளு."

குழாயை என் காதில் வைத்தார். உஸ்ஸென்று ஒரு சத்தம். அடுத்ததிலும் உஸ். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "இந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கு சித்தப்பா" என்றேன். அவர் வாங்கிக் கேட்டார். மறுபடி கேட்டார். நட்டை ஒரு நூல் அளவு நகர்த்தினார். பிறகு என் தலையில் கிரீஸ் கையை வைத்து, "உனக்குக் காது இருக்குடா. பட்டறையில உனக்கும் ஒரு பங்கு" என்றார். அதைவிடப் பெரிய வார்த்தையை அதன் பிறகு நான் வாங்கிய பட்டங்கள் எதுவும் எனக்குச் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். நுனி வறுத்த காபிக்கொட்டையின் நிறத்தில் இருந்தது. அதுதான் சரியான நிறமாம். கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுப்பாக இருந்தால் குறைவு. அதை அம்மாவிடம் எடுத்துப் போய்க் காட்டினார். "அதை அடுக்களைக்குள்ள கொண்டுவராதே" என்றாள் அம்மா.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆடி மாதம். காவேரியில் புதுத் தண்ணீர் வந்து செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் ஆற்றிலிருந்து கொண்டுவரும் தண்ணீரை அம்மா மெல்லிய வேட்டித் துணியை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி வடிகட்டுவாள். ஒரு மடிப்பு போதாது, இரண்டு போதாது, நான்கு இருக்க வேண்டும். வடிகட்டாத தீர்த்தம் எங்கள் வீட்டில் பெருமாளுக்கும் ஆகாது, மனிதர்களுக்கும் ஆகாது. சேறு முழுக்கத் துணியில் தங்கிவிடும், கீழே கண்ணாடி போலத் தண்ணீர் இறங்கும். அது எனக்குப் பெரிய அதிசயம்.

ஆடிக் காற்று அன்று பேயாக வீசியது. மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கண்ணயர்ந்தபோது நான் வண்டியருகில் நின்றிருந்தேன். புதிய ஃபில்டர் ஒன்றைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். கம்பி வலை வழியாகக் கோபுரம் தெரிந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோபுரமே தெரிகிறது என்றால் கொள்ளிடத்து மணல் எம்மாத்திரம்? காற்றுக்கு வழி விட வேண்டும் என்று சித்தப்பா மணலுக்கும் அல்லவா வழி விட்டுவிட்டார்! அவரை எழுப்பிக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் மறந்ததை நான் சரிசெய்து, ஜெயித்துவிட்டு வந்த பிறகு சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஓசைப்படாமல் உள்ளே போய், தீர்த்தம் வடிகட்டும் துணியைக் கொடியிலிருந்து உருவினேன். இரண்டாகக் கிழித்தேன். ஒவ்வொன்றையும் அம்மா மடிக்கிறபடியே நான்காக மடித்து, இரண்டு ஃபில்டர்களுக்குள்ளும் வைத்து அமுக்கி, மூடியைப் போட்டு நட்டை இறுக்கினேன்.

இதுவரை நான் செய்ததற்கு எனக்கு வெட்கம் இல்லை.

நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று அப்பா நான்கு மணிக்கே வந்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் திருமண், பஞ்சகச்சம், தோளில் மடிப்புக் கலையாத அங்கவஸ்திரம். சித்தப்பா வண்டியைக் கிளப்பினார். கிளப்பியதும் தலையைச் சாய்த்துக் கேட்டார். "என்னவோ மந்தமா இருக்கே" என்று முணுமுணுத்துக்கொண்டு பானெட்டைத் திறக்க இறங்கினார். "நல்ல நேரத்துல கிளம்பு. அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் அப்பா. சித்தப்பா மறுபேச்சுப் பேசாமல் ஏறிக்கொண்டார். இருக்கைகளுக்குப் பின்னால் பெட்டி வைக்கிற இடுக்கில் நான் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உத்திர வீதி முழுவதும் வாசலில் நின்றது.

திருவானைக்காவல் வந்தது. வண்டி நிற்கவில்லை! நான் பின்னாலிருந்து கத்தினேன். சித்தப்பா ஸ்டியரிங்கைத் தட்டினார். கொள்ளிடம் பாலத்தில் ஏறியதும் காற்று எங்களைத் தூக்கிக்கொண்டு போனது. ஆற்று மணல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. குத்தட்டும், என் துணி உள்ளே காவல் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டேன். அப்பாவின் அங்கவஸ்திரம் பறந்து பின்னால் என் முகத்தில் வந்து விழுந்தது. அதை வாங்கித் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார். அப்பாவை அப்படி நான் பார்த்ததில்லை. டோல்கேட் தாண்டிப் பெரிய ரோட்டில் ஒரு பஸ் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"அவன் புழுதியைத்தான் தின்னுண்டு போகணுமா?" என்றார் அப்பா.

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். "முந்தட்டுமா அண்ணா?"

"கேட்டுண்டா இருப்பா?"

முந்தினோம். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார்கள். நானும் கத்தினேன். அப்பா கத்தவில்லை, ஆனால் தாலுகா ஆபீஸ் உத்தியோகஸ்தர் ஒருவர் எவ்வளவு அகலமாகச் சிரிக்க முடியுமோ அவ்வளவு அகலமாகச் சிரித்தார். சமயபுரத்தில் கூட்டத்துக்குள் போகாமல், கோயிலுக்குப் பிரியும் இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பினோம். திருப்பும்போது அப்பா மிகச் சாதாரணமாகக் கேட்டார்.

"பட்டறைக்கு என்ன பேர் வைக்கறதா இருக்கேள் ரெண்டு பேரும்?"

சித்தப்பா என் கையைப் பின்னால் துழாவிப் பிடித்து ஒருமுறை அழுத்தினார்.

அங்கிருந்து சிறிது தூரம் வந்திருப்போம். வண்டி ஒருமுறை விக்கியது. பின்னால் பார்த்தேன், கரும்புகை. மறுபடி விக்கல். சித்தப்பா என்னென்னவோ செய்து பார்த்தார். திருவானைக்காவலில் கேட்ட அதே இருமல். வண்டி ஓரமாகப் போய் ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. மறுபடி கிளப்ப முயன்று முயன்று பேட்டரியும் அடங்கிவிட்டது.

சித்தப்பா பெட்ரோல் டாங்கைப் பார்க்கப் பின்பக்கம் போனார். அப்பா இறங்கி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த நிமிஷத்தில்தான் மூக்கடைப்பு என்ற வார்த்தை ஞாபகம் வந்தது. பானெட்டின் சிறகு திறந்திருந்தது. மூடியின் நட்டு சுட்டது. இரண்டு துணிகளையும் உருவி நிஜார்ப் பைக்குள் திணித்தேன். பெட்ரோலில் நனைந்து, மண் அப்பி, களிம்பு மாதிரி இருந்தன. மூடியைப் போட்டுவிட்டு நகர்ந்தேன். யாரும் பார்க்கவில்லை.

சித்தப்பா வந்து ஒரு பிளக்கைக் கழற்றினார். கண்மை மாதிரி கறுப்பு.

"பெட்ரோல் ஜாஸ்தியாயிருக்கு. எப்படி? நான் சரியாத்தானே வெச்சேன்?" தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ எதையாவது தொட்டியாடா? தொட்டிருந்தா சொல்லு, பரவாயில்லை."

பரவாயில்லை என்று அவர் சொன்னது உண்மை. சொல்லியிருந்தால் அப்பா சிரித்திருப்பார். இதைக் கணக்கில் சேர்க்க முடியாது, அடுத்த வாரம் மறுபடி போகலாம் என்று சொல்லக்கூடிய நியாயம் அவரிடம் இருந்தது. இவ்வளவும் எனக்கு அன்றே தெரியும். ஆனால் உனக்குக் காது இருக்கிறது என்று சொன்ன மனிதரிடம், துணி வைத்த முட்டாள் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"நான் தொடலை" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "நீங்கதான் சித்தப்பா, நேத்திக்குக் கடைசியா, பிளக்கைப் பார்த்தப்புறம், அடியில இருக்கற நட்டை மறுபடியும் திருப்பினேள்."

"திருப்பினேனா?"

"ரெண்டு தடவை."

பொய்க்கு எண்ணிக்கை சேர்த்தால் பலம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதுவாக வந்தது. சித்தப்பா தன் கைகளைப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஏதோ பேச வந்தவர், "திருப்பியிருப்பேன். இவன் பக்கத்துலயே இருந்தானே" என்றார் அப்பாவிடம். அப்பா தலைப்பாகையை அவிழ்த்து உதறி, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

சமயபுரத்தில் பிரார்த்தனையை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் தங்கள் மாட்டுவண்டியில் எங்களைக் கயிறு கட்டி இழுத்துவந்தது. "ஆத்தா புண்ணியத்துல வீடு போய் சேந்துடுவீங்க சாமி, கவலைப்படாதீங்க" என்று வண்டிக்காரர் வழியெல்லாம் ஆறுதல் சொன்னார். பாலத்தின் மேல் வரும்போது இரண்டு துணிகளையும் கொள்ளிடத்தில் போட்டேன். உத்திர வீதியில் எதிர்வீட்டுக்காரர் கேலி செய்ய வாயெடுத்தவர், சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் தென்னூர்த் தோழர் வேறு பேட்டரியோடு வந்து, நட்டைத் தானே முதலிலிருந்து சரிசெய்து, பிளக்குகளைத் துடைத்து மாட்டினார். வண்டி முதல் முயற்சியிலேயே கிளம்பியது. "என்ன ஐயங்காரே, நட்டுல கை தவறிப்போச்சா? யாருக்கும் நடக்கறதுதான். விடுங்க, இன்னொரு தடவை அண்ணன்கிட்ட கேளுங்க" என்றார். சித்தப்பா கேட்கவில்லை. வார்த்தை வார்த்தைதான் என்று வண்டியை மதுரைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். தென்னூர்த் தோழரும் வருவதை நிறுத்திக்கொண்டார். துணி எங்கே போயிற்று என்று அம்மா இரண்டு நாள் தேடினாள். சித்தப்பா குமாஸ்தாவாகவே இருந்து ஓய்வு பெற்றார். கல்யாணத்துக்குப் பிறகு திருவானைக்காவலில் குடியேறினார். அந்த வீட்டில் குழாய் சொட்டினால்கூட ஆள் கூப்பிட்டுவிடுவார்.

நான் படித்தேன், கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தேன், எத்தனையோ மாணவர்களைக் காப்பியடித்ததற்காக வெளியே அனுப்பினேன். போன வருஷம் ஒரு நாள் பேரன் தன் கைப்பேசியை நீட்டினான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதிய ஏர் ஃபில்டர் மாற்றிக்கொண்டிருந்தார். அதே சிறகு பானெட், அதே இரண்டு கார்புரேட்டர். "தாத்தா, எவ்வளவு ஈஸியா மாட்டறார் பாருங்க" என்றான். என்னால் முழுவதும் பார்க்க முடியவில்லை. அன்று சாயங்காலமே ஆட்டோ பிடித்துத் திருவானைக்காவல் போனேன்.

சித்தப்பாவுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. காது இன்னும் நன்றாகக் கேட்கிறது. எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். துணி, நட்டு, ரெண்டு தடவை. மன்னித்துவிடுங்கள் என்று சொல்வதற்குள் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ரெண்டு ஃபில்டர்லயுமா வெச்சே?"

"ஆமாம் சித்தப்பா."

"எத்தனை மடிப்பு?"

"நாலு."

"நாலு மடிப்பு! அதோட சமயபுரம் வரைக்கும் போயிருக்கு! பஸ்ஸை வேற முந்தியிருக்கு!" நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்துவிட்டார். முகம் அந்தச் சனிக்கிழமை மாதிரி ஆகிவிட்டது. "அப்போ என் செட்டிங் சரிடா! நான் வெச்சது சரியா இருந்திருக்கு! டேய், இங்கே வா, வந்து இவன் சொல்றதைக் கேளு!"

உள்ளேயிருந்து அவருடைய மகன் வந்தான். என்னைவிடப் பதினேழு வயது சிறியவன், பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. சித்தப்பா என்னை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். சித்தப்பா ஒவ்வொரு இடத்திலும், "கேட்டியா, கேட்டியா" என்று அவன் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். அவன் சிரிக்கவில்லை.

"அண்ணா, நான் பத்தாவது முடிச்சுட்டு ஐ.டி.ஐ.ல மோட்டார் மெக்கானிக் சேரணும்னு அழுதேனே, ஞாபகம் இருக்கா?" என்றான். "நம்ம குடும்பத்துக் கைக்கு அது வராதுடா, நான் பட்டது போறும்னு அப்பா சொன்னார். நீங்க அந்தச் சோபாலதான் உக்காந்திருந்தேள். அப்பா சொல்றது சரின்னேள். ப்ளஸ் ஒன் காமர்ஸ் ஃபாரம் நீங்கதான் வாங்கிண்டு வந்தேள்."

எனக்கு ஞாபகம் இருந்தது. அன்று எனக்கு ஒன்பது வயது இல்லை. முப்பத்துமூன்று.

சித்தப்பாவின் கை அவன் தோளிலேயே நின்றுவிட்டது. நான் கிளம்பினேன். எப்போதும் தெருமுனை வரை வந்து ஆட்டோ ஏற்றிவிடுகிறவன் அன்று வாசலுக்குக்கூட வரவில்லை.

மரத்தடியில் அந்தச் சிறுவன் ஒரு காரைத்தான் பணயம் வைத்தான். காரை விற்றாலும் கை கூடவே வரும், அந்தக் கையின் மேல் நம்பிக்கை போய்விட்டால், தான் பெற்ற பிள்ளைக்கும் அதைக் கொடுக்க முடியாது என்பதெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும்? முப்பத்துமூன்று வயதுக்காரனுக்கு அந்தச் சமாதானமும் கிடையாது.

பத்து நாள் கழித்துத் தம்பியிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, அப்பா என் ஸ்கூட்டரோட ஏர் ஃபில்டரைக் கழட்டிப் போட்டுண்டு உக்காந்திருக்கார். மறுபடி மாட்ட அவருக்குக் கை நடுங்கறது, எனக்குத் தெரியலை. யூட்யூபைப் பார்த்துண்டு ரெண்டு பேரும் சண்டை போட்டுண்டிருக்கோம். சித்த வாங்கோ."

உடனே கிளம்பிப் போனேன். வாசலில் பழைய பேப்பர் விரித்து, அப்பாவும் பிள்ளையும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கையிலும் கிரீஸ். தம்பி ஸ்பேனரைப் பிடித்திருந்தான், அவன் மணிக்கட்டைச் சித்தப்பா பிடித்திருந்தார். "அவ்வளவுதான், போறும், இறுக்காதே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்காரப் போனேன்.

"அங்கேயே நிக்கணும்" என்றார்கள் இரண்டு பேரும்.